விடியற்காலைக் கனவும் விடியாத களைப்பும்

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இது ஆறுதலாகப் பேச வேண்டிய விஷயம். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். மனச்சோர்வுக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அழுகை குறைந்திருக்கிறது, சோறு இறங்குகிறது. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து விடியற்காலையில் கனவுகள் வருகின்றன. செத்துப்போன மாமியார் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பஸ் ஆற்றுக்குள் ஓடுகிறது, பக்கத்து சீட்டில் சின்ன வயதுத் தம்பி. நிறமும் குரலும் அப்படியே நிஜம். எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்குப் போக மனம் வருவதில்லை. போனாலும் கிலோ சேராமல் அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, திரும்பி வருகிறார்.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மருந்து கடுமை, அதை விட்டுவிடு என்பார் ஒருவர். செத்தவர்கள் கூப்பிடுகிறார்கள், கோயிலில் நூல் கட்டிக்கொள் என்பார் இன்னொருவர். அக்காவிடமும் ஒரு கணக்கு இருக்கிறது: "ராத்திரி பூரா கனவு கண்டா உடம்பு எப்படிங்க ஆறும்? அந்தக் கனவுதான் என்னைய அசதியாக்குது." படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லாரும் போடுகிற கணக்கு இது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் நிற்க வேண்டிய இடத்தில் விளைவு நிற்கிறது. கனவு கூடியதால் தூக்கம் கெடவில்லை. தூக்கம் இடையிடையே உடைவதால்தான் கனவு நினைவில் நிற்கிறது. களைப்புக்கோ பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கின்றன. இதை ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு போவோம்.

முதலில் தூக்கம். அது ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று, ஓர் இரவில் நாலைந்து சுற்றுகள் வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அமைதியான தூக்கம், பிறகு வேறு மாதிரியான ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் மூடிய இமைக்குள் கண் விழிகள் வேகமாக ஓடும், மூளை விழித்திருப்பது போலவே வேலை செய்யும். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளெய்ட்மனும் இதைக் கண்டு எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவு சொன்னார்கள். நாம் இதைக் கனவுத் தூக்கம் என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்தவர்களின் தூக்கத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இது இருக்கும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியற்காலையை நெருங்க நெருங்க நீளும்.

கனவுத் தூக்கத்தின்போது கை கால் தசைகளை மூளை தற்காலிகமாகச் செயலற்று வைத்திருக்கும். கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து குதித்து ஓடாமலிருப்பது அதனால்தான். சில வேளை அறிவு முதலில் விழித்துக்கொள்ளும், தசைகள் கொஞ்சம் பிந்தும். அந்தச் சில விநாடிகளில் அசைய முடியாது, கத்த வாய் வராது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பேய் அமுக்கியது என்று பயந்துபோன பலருக்கு நடந்தது இதுதான். உயிருக்கு ஆபத்தில்லாதது, தானாகவே விலகிவிடும்.

அடுத்த படி முக்கியமானது. எல்லாரும் ஒவ்வோர் இரவும் பல தடவை கனவு காண்கிறோம். எனக்குக் கனவே வராது என்கிறவரும் காண்கிறார், ஆனால் மறந்துவிடுகிறார். கனவின் நடுவிலோ அது முடிந்த கையோடோ விழித்தால் மட்டும்தான் அது நினைவில் தங்கும். புளத்கொகுபிட்டிய இருக்கிற கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் நிறைய. வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக வடியும் என்பதால், பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு எழும்புவார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களும் பிரட்டுக்கு முன்னால் சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்ப்படுத்த வேண்டும். அவர்கள் எழும்புகிற நேரமும் கனவுத் தூக்கம் மிக நீளமாக ஓடுகிற நேரமும் ஒன்றுதான். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்: நமக்கு நினைவில் நிற்பதே பெரும்பாலும் விடியற்காலைக் கனவுதான்.

இப்போது மாத்திரையைப் பார்ப்போம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகம் எழுதிக் கொடுக்கப்படுகிற ஃப்ளுவோக்செட்டின், செர்ட்ராலின் போன்றவை மூளையில் செரொட்டோனின் என்ற பொருளைக் கூடுதல் நேரம் தங்க வைக்கின்றன. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் பொருள்களில் அது ஒன்று. கனவுத் தூக்கம் தொடங்க வேண்டுமானால், செரொட்டோனினைச் சுரக்கும் அணுக்கள் அடங்க வேண்டும். மாத்திரை அந்த அடக்கத்துக்குக் குறுக்கே நிற்கிறது. ஆகவே இந்த மருந்துகளில் பெரும்பாலானவை கனவுத் தூக்கத்தைக் குறைக்கின்றன, அது தொடங்குவதையும் பிந்த வைக்கின்றன. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை: கனவு கூடிவிட்டது என்று அக்கா சொல்லும் காலத்தில், அவருடைய கனவுத் தூக்கம் முன்பைவிடக் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் இத்தனை கனவு எங்கிருந்து வருகிறது? இதே மருந்துகள் தூக்கத்தைச் சற்று மேலோட்டமாக்குகின்றன. இரவில் சின்னச் சின்ன விழிப்புகள் வருகின்றன. அவற்றில் பலவற்றை, விழித்ததாகக்கூட நாம் உணர்வதில்லை. ஒவ்வொரு விழிப்பும் ஒரு கனவைப் பாதியில் பிடித்து நினைவில் போடுகிறது. முன்பு தூக்கத்தோடு கரைந்துபோன கனவுகள் இப்போது காலை வரைக்கும் கூட வருகின்றன. அக்காவைக் காலையில் அலுப்பாக்குவது அந்த உடைந்த தூக்கம். மாமியார் வந்து நின்றது, தூக்கம் அந்த இடத்தில் உடைந்தது என்பதற்கு அடையாளம்.

இதைவிடப் பெரிய கனவு வெள்ளம் இன்னொரு வழியில் வரும். பீலியில் தண்ணீர் வரும் வழியைக் கல்லும் துணியும் வைத்துக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். தேங்கி நின்றது அத்தனையும் ஒரேயடியாகப் பாயும். மருந்து அடக்கி வைத்திருந்த கனவுத் தூக்கமும், மாத்திரை நின்றதும் அப்படித்தான் பாய்ந்து வருகிறது. நீளமாக, அடிக்கடி, கனத்த நிறங்களோடு. எத்தனை சீக்கிரம் என்பது மருந்தைப் பொறுத்தது. வென்லாஃபாக்சின் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் பாதியாகிவிடும். செர்ட்ராலினுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஃப்ளுவோக்செட்டின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கி மெல்ல மெல்லத்தான் போகும். ஆகவே சில மாத்திரைகளில் ஒரு வேளை தவறினாலே அன்றிரவு வித்தியாசம் தெரியும்.

தோட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கிளினிக் நாளில் போனால் பேர் போய்விடும். போகாவிட்டால் மாத்திரை முடிந்துவிடும். மழைக்காலத்தில் பாதை அடைபட்டு பஸ் ஓடாமல் போவதும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. இப்படி மூன்று நாள் இடைவெளி விழுகிறது. இரவில் கனவுகள் கொட்டுகின்றன. தலை சுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஓர் உணர்வு. அக்கா என்ன முடிவுக்கு வருவார்? "மருந்த நிப்பாட்டியும் விடமாட்டேங்குது, அவ்வளவு தூரம் ரத்தத்துல ஊறிருச்சு." உண்மையில் அவர் பார்ப்பது மருந்து இருப்பதன் விளைவை அல்ல, திடீரென்று இல்லாமல் போனதன் விளைவை. சரியான இடத்தில் தொடங்கிய யோசனை ஒரே ஒரு தப்பான திருப்பத்தில் எதிர்த் திசைக்குப் போய்விடுகிறது. இந்த இடத்தில்தான் நல்லபடியாக வந்துகொண்டிருந்த பலர் மருந்தை முழுசாக விட்டுவிடுகிறார்கள். நோய் சில மாதம் கழித்து மெல்லத் திரும்பி வரும்போது இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. நிறுத்துவதே சரியென்று டாக்டர் முடிவு செய்தாலும், அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

இனிக் களைப்புக்கு வருவோம். தடிமனுக்கும் ஊரலுக்கும் பிரிட்டோன் மாத்திரை போட்டால் கண் சொருகுமே, அதே வழிதான் இங்கும் ஒரு காரணம். நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையை அது மூளையில் தடுக்கிறது. மனநோய்க்கு வந்த முதல் பெரிய மருந்தான குளோர்ப்ரோமசின், 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. அது பிறந்ததே இந்த ஒவ்வாமை மருந்துகளின் குடும்பத்தில்தான். அமிட்ரிப்டிலின், மிர்ட்டாஸபின், ஒலன்ஸபின், குவெட்டியாபின் ஆகியவற்றிலும் அந்தக் குணம் பலமாக இருக்கிறது. இவற்றை இரவு பத்து மணிக்கு மேல் குடித்தால் அவற்றின் மயக்கம் பிரட்டு நேரத்திலும் விட்டிருக்காது. சரிவான மலையில், ஈரக் கல்லில், தலையில் பாரத்தோடு நடக்கிறவருக்கு அந்த அரைத் தூக்கம் ஆபத்து. இந்த மயக்கம் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் குடிக்கும் நேரத்தையோ அளவையோ மாற்றலாம்.

களைப்பு வர வேறு வழிகளும் உண்டு. பதற்றத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கிற ப்ரொப்ரனலோல் இதயத் துடிப்பைத் தணிக்கும், அதனால் உடம்பு தளரும். அது மூளைக்குள்ளும் போகக்கூடியது என்பதால் தெளிவான கனவுகளையும் தரும். லித்தியம் குடிக்கிறவர்களில் சிலருக்குத் தைராய்டுச் சுரப்பி மந்தமாகும். வயதானவர்களுக்குச் செரொட்டோனின் மாத்திரைகளால் இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, குறைந்து களைப்பும் தடுமாற்றமும் வரலாம். இவை இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். அப்புறம், களைப்பு மனச்சோர்வின் ஒரு முகமும்கூட. துக்கம் விலகிய பிறகு கடைசியாகப் போவது பல பேருக்கு அதுதான்.

மாத்திரையோடு சம்பந்தமே இல்லாத ஒரு காரணத்தையும் தோட்டத்தில் இருந்துகொண்டு மறக்கக் கூடாது. இரத்தச் சோகை. மாதவிடாய், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, ரொட்டியும் சம்பலும் மட்டுமான சாப்பாடு எல்லாம் சேர்ந்து பெண்களின் இரும்புச் சத்தைக் கரைத்துவிடும். அதோடு ரொட்டிக்குப் பக்கத்திலேயே பிளேன்டீ. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலும் இரும்பு மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்ச விடாமல் செய்யும். தேத்தண்ணியைக் கைவிடச் சொல்லவில்லை, அது நடக்காது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். மாலைக்குப் பிறகு குடிக்காவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். தூக்கம் உடைய அதுவும் ஒரு காரணம்.

கனவிலும் மாத்திரையின் கணக்கில் சேராதது ஒன்று உண்டு. 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாட்களில், புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் இறங்கிப் பலர் மாண்டார்கள். அப்படியொன்றைக் கண்ணால் கண்டவருக்கு வரும் கனவு வேறு. மாத்திரைக் கனவு தாறுமாறாக இருக்கும், ஒரு நாள் வந்தது மறுநாள் வராது. இதுவோ நடந்த சம்பவத்தையே திரும்பத் திரும்பக் காட்டும், பகலில் மழைச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு அடிக்கும். அதற்கென்று தனிச் சிகிச்சை இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிட்டால் அது கிடைக்காமல் போய்விடும். கனவிலேயே கை ஓங்கி அடிப்பது, எழுந்து ஓடப் பார்ப்பது என்று இருந்தாலும் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்வது? "கனவு வருது, ஏலாம இருக்கு" என்பதைவிட நாலு விவரம் பெரிய உதவி. எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தவறியது, களைப்பு மாத்திரைக்கு முன்பே இருந்ததா, கனவு ஒரே மாதிரியா வேறு வேறா. பிள்ளைகளிடம் சொல்லிக் கிளினிக் கொப்பியிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சிங்களத்தில் மட்டும் பேசுகிறவர் என்றால், கூட வருகிற ஆள் அதைச் சொல்லட்டும், எழுதிய தாளையும் காட்டட்டும். சொந்தக் கனவை அந்நிய மொழியில் சொல்ல முடியாமல் "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று திரும்பி வருவது நோயாளியின் குற்றமல்ல. ஒவ்வொரு மனநலக் கிளினிக்கிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரும்பாலும் மாற்றம் சின்னதாகத்தான் இருக்கும்: தூக்கத்தைக் கலைக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றுவார்கள், மயக்கம் தருவதை முன்னிரவுக்குக் கொண்டுவருவார்கள், அல்லது வேறொன்றைத் தருவார்கள். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம், கடும் காய்ச்சலோடு உடம்பு விறைப்பது, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், லித்தியம் குடிக்கிறவருக்கு வாந்தியோடு கை நடுக்கம் ஆகியவை வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம்.