ஆண்டின் கீழ் குறி இல்லாத நாணயம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றுடன் நம் கிளைக்கு வந்தார். ஆண்டின் கீழ் நாணயச்சாலைக் குறி இல்லாததால் அது அரிய பிழை நாணயம் என்றும், பல்லாயிரம் ரூபாய் பெறும் என்றும் தொலைபேசியில் எவரோ கூறியிருந்தனர். பதிவுக் கட்டணமும் கேட்டிருந்தனர்.

குறி மறையும் பிழை உண்மையில் உண்டு. நாணயம் அடிக்கும் இரு எஃகு அச்சுகள், இடையே உலோக வில்லை இல்லாமல் மோதிக்கொண்டால், ஒன்றன் உருவம் மற்றதில் பதிந்துவிடும். அத்தழும்பை நீக்க அச்சின் பரப்பைத் தேய்த்து மெருகிடுவர். நாணயத்தில் மேடாக நிற்பது அச்சில் பள்ளம். பரப்பு தேயத் தேய ஆழமற்ற பள்ளங்கள் அழிந்து, அவ்வுருவங்கள் நாணயத்தில் விழாமற்போகும். 1937-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட ஐந்து சென்ட் நாணயங்கள் சிலவற்றில் காட்டெருமை மூன்று கால்களுடன் நிற்பது இதனால்தான். கைபட்டுத் தேய்ந்த நாணயத்தில் முதலில் மழுங்குவது மேடான பகுதி. இங்கோ மேடுகள் கூர்மையாக இருக்க, தாழ்ந்த நுட்பங்களே மறையும்.

ஆனால் நம் வாடிக்கையாளரின் நாணயத்தில் பிழையே இல்லை. மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா நாணயச்சாலையோ குறி இடுவதில்லை. குறியின்மையே அதன் குறி!

பழைய நாணயங்களை வாங்குவதாகக் கூறி, தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்போரை நம்ப வேண்டாமென ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. பணம் எதுவும் அனுப்ப வேண்டாமென்று அவரிடம் கூறினோம். நாணயத்தை அதன் மதிப்பான இரண்டு ரூபாய்க்கே கணக்கில் வரவு வைத்தோம்.