பெரிய கத்தியா? சின்னக் கத்தியா?

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி காலை. மணிக்கு 120 கிலோ மீட்டருக்கு மேல் வேகம்! "தானே" புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது.

காற்று ஓய்ந்தது. ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எங்கு பார்த்தாலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. தெருவை மரம் அடைத்தது. வாசலை மட்டை அடைத்தது.

மறுபடியும் 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி இரவு "ஃபெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது.

இப்படிப்பட்ட நாளில்தான் சாரம் போன்ற நகரப் பகுதியிலும் "வீட்டில் கத்தி எங்கே?" என்ற கேள்வி எழுகிறது. காய்கறி நறுக்கும் கத்தி அல்ல. மட்டை வெட்டும் கத்தி! வடக்கே கத்தி என்பார்கள். தெற்கே அரிவாள் என்பார்கள். வேலை ஒன்றுதான்.

கடைக்குப் போனால் இரண்டு அளவு இருக்கும். ஒன்றின் அலகு, அதாவது வெட்டும் பகுதி, ஒரு சாண் நீளம். இன்னொன்று முக்கால் முழம். விலையில் பெரிய வித்தியாசம் இராது. "அதே விலைதானே, பெரியதாக வாங்குவோம்" என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மரம் ஏறுகிறவர் இடுப்பில்...

பனை ஏறும் தொழிலாளியின் இடுப்பைப் பாருங்கள். கத்தி வைக்கும் பெட்டி ஒன்று தொங்கும். அதற்குள் இருப்பது ஒரு கத்தி அல்ல, இரண்டு! ஒன்று மட்டை வெட்ட. மற்றொன்று பாளை சீவ.

மரத்தின் உச்சியில், காலில் கயிற்றோடு நிற்கிறவருக்கு ஒவ்வொரு பலமும் சுமைதான். அப்படி இருந்தும் அவர் இரண்டு கத்தியைச் சுமக்கிறாரே, ஏன்?

பாளை சீவுவது நுட்பமான வேலை. வெற்றிலை கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆழமாகச் சீவினால் பாளை வீணாகக் குறைந்து போகும். மொண்ணைக் கத்தியால் சீவினால் பாளை நசுங்கும், சொட்டுவது குறையும். சீவாமல் விட்டாலோ, வெட்டிய இடம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகையால் தினமும் ஏறிச் சீவ வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு அனுமதி உண்டு.

பாளை சீவும் கத்தியால் மட்டையை வெட்டினால், அந்த மெல்லிய வாய் ஒரே நாளில் பல் விழுந்து போகும். பிறகு அதை வைத்துப் பாளையைத் தொட முடியாது. ஆகவே இரண்டையும் அவர் மாற்றிப் பிடிப்பதே இல்லை.

நேபாளத்துக் கூர்க்கர்களும் இதை அறிந்தவர்கள்தான். அவர்களுடைய வளைந்த குக்கிரி கத்தி பெரியது, கனமானது. ஆனால் அதன் உறையிலேயே ஒரு குட்டிக் கத்தியும் செருகியிருக்கும். சில்லறை வேலைக்கு அது!

பெரிய கத்தியின் பலம் எதில்?

பெரிய கத்தி, தன் கனத்தால் வெட்டுகிறது. வீசும்போது நுனிப் பக்கம் வேகமாகப் போகிறது. கையில் சக்தி குறைவாக இருந்தாலும் கத்தி வேலை செய்துவிடும். அடிப்பக்கம் தடித்த தென்னை மட்டைக்கு அது நல்லது. ஒரு முழு மட்டை 15 அடி முதல் 20 அடி வரை நீளம் இருக்கும் அல்லவா?

ஆனால் பழக்கம் இல்லாதவர் கையில் அதுவே ஆபத்து. பத்து வீச்சில் மணிக்கட்டு தளர்ந்துவிடும். பதினோராவது வீச்சு எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? சந்திலும், சுவர் ஓரத்திலும், கொடிக்கம்பி அருகிலும் அதை வீச இடமும் இல்லை. கையையும் கத்தியையும் நீட்டினால் எட்டும் தூரத்தைப் போல் இரண்டு பங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். முதலில் அவர்களை உள்ளே அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்கிற குடும்பத்துக்கு, ஒரு சாண் அலகு உள்ள சின்னக் கத்தியே போதும். முருங்கைக் கிளை, சுள்ளி, காய்ந்த மட்டை எல்லாவற்றுக்கும் அது ஈடு கொடுக்கும். தடித்த மட்டைக்கு ஒரு வெட்டுக்கு மூன்று வெட்டு ஆகும். ஆகட்டுமே! இளநீர் மட்டும் கொஞ்சம் முரண்டு பண்ணும். அதற்கு நிதானமாகச் சீவ வேண்டும்.

விழுந்த அடிமரத்துக்கு இரண்டு கத்தியுமே உதவாது. ரம்பமும் கோடாரியும்தான் வேண்டும். மின்கம்பி மேல் விழுந்த மரமானால் மின்துறை ஆட்கள் வரும்வரை தொடவே கூடாது. வளைந்து அமுங்கிக் கிடக்கும் கிளையை வெட்டினால் அது வில்லைப் போல் திருப்பி அடிக்கும். இதில் அடிபட்டால் பல்லும் கண்ணும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962-ல் வந்த விதிகள் ஓர் அளவைக் குறித்தன. அலகு 9 அங்குல நீளத்துக்கோ, 2 அங்குல அகலத்துக்கோ மேல் இருந்தால் அந்தக் கத்தி ஆயுத வகையில் சேரும். 9 அங்குலம் என்பது சரியாக நம் ஒரு சாண்! ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகையால் மட்டை வெட்டும் கத்தி வாங்கப் பயப்பட வேண்டாம். அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் உலாவுவதற்கு அந்த விலக்கு துணை வராது.

வாங்கும்போது

கொல்லுப் பட்டறைகளில் லாரியின் பழைய வில்பட்டையை அடித்துக் கத்தி செய்கிறார்கள். நல்ல எஃகு அது. பளபளப்பைப் பார்க்க வேண்டாம். பிடியைப் பாருங்கள். பூண் இறுக்கமாக இருக்கிறதா? ஆட்டினால் அசைகிறதா? அசைந்தால் வைத்துவிடுங்கள். அலகு கழன்று பறந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. பிறகு கத்தியைக் கையில் பிடித்து நீட்டி, முப்பது எண்ணுங்கள். கை நடுங்கினால் அந்த அளவு உங்களுக்கு அல்ல.

சாணை பிடிக்கும்போது வாய் நீல நிறமாக மாறும் அளவுக்குச் சூடாக விடக் கூடாது. எஃகின் பதம் இறங்கிவிடும். தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினால் போதும்.

புதுச்சேரி கடற்கரை ஊர். உப்புக் காற்றில் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் மட்டைச் சாற்றைக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். தோல் உறைக்குள் போட்டு மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். வெயிலில் காயவைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள்.