காலை டிபன் முதல் காலேஜ் சீட் வரை... பள்ளிக்கூடம் எப்படி மாறிப்போச்சு? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

சென்னை:

"பள்ளிக்கூடம் எதுக்குப்பா?" என்று அந்தக் காலத்து பெரியவர்களிடம் கேட்டால், "நாலு எழுத்து படிக்க" என்பார்கள். இப்போது ஒரு அரசு பள்ளி பிள்ளையின் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். காலை டிபன், மத்தியான சாப்பாடு, முட்டை, புத்தகம், யூனிபார்ம், பஸ் பாஸ், சைக்கிள், இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, உதவித்தொகை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். வெள்ளம் வந்தால் தங்குவதும் அங்கேதான். ஓட்டு போடுவதும் அங்கேதான்.

இது ஒரே நாளில் வந்த மாற்றம் இல்லை. ஆரம்பித்தது நம்ம ஆயிரம் விளக்கு பகுதியில்!

ஒரு அணா சாப்பாடு

1920-ம் ஆண்டு. சென்னை மாநகராட்சி தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு பகுதியில் இருந்த மாநகராட்சி பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானம் சாப்பாடு போட முடிவானது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் செலவு ஒரு அணாவுக்கு மிகக்கூடாது என்று கணக்கு. காரணம் ரொம்ப சாதாரணம். பசியோடு வருகிற பிள்ளை மத்தியானம் வீட்டுக்குப் போனால் திரும்பி வராது. வெள்ளைக்கார அரசு செலவுக்கு முட்டுக்கட்டை போட்டதால் சில வருஷத்தில் அது நின்று போனது.

அதன்பிறகு 1956-ல் முதல்வர் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவு திட்டத்தை தொடங்கி வைத்தார். 1982 ஜூலை 1-ந்தேதி எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டத்தை கொண்டு வந்தார். "இவ்வளவு பேருக்கு சோறு போட்டு கட்டுப்படி ஆகுமா?" என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் அதில் இன்னொரு விஷயமும் நடந்தது. கணவரை இழந்த பெண்கள், ஆதரவு இல்லாத பெண்கள் பலருக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று வேலை கிடைத்தது. பிள்ளைக்கு சோறு, தாய்க்கு சம்பளம் என்று பள்ளிக்கூடம் ஒரு குடும்பத்தையே தாங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. முதலில் 2 வாரத்துக்கு ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக கூடி 2010-ல் வாரம் 5 முட்டை ஆனது. 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. நாடு முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த சாப்பாடு கட்டாயம் தர வேண்டும் என்று. நம்ம ஊரில் பல வருஷமாக நடந்தது, அன்றைக்கு நாட்டுக்கே சட்டமானது.

காலை உணவு திட்டம் 2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில் தொடங்கியது. மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. விடியற்காலையிலேயே வீட்டு வேலைக்கும், மார்க்கெட்டுக்கும், கட்டிட வேலைக்கும் கிளம்புகிற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை சொல்லத் தேவையில்லை.

பூட்டு போட்டபோதுதான் தெரிந்தது

பள்ளிக்கூடம் எதையெல்லாம் சுமக்கிறது என்பது அது மூடிக் கிடந்தபோதுதான் நன்றாகப் புரிந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தன. கிட்டத்தட்ட 19 மாதம்! சத்துணவுக்கு பதில் அரிசி, பருப்பு, முட்டை என்று கையில் கொடுத்தார்கள். அது வீட்டில் எல்லோருக்கும் பங்காகி விடும் அல்லவா? ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டில் பாடம் நின்றது. சில பையன்கள் மெக்கானிக் கடைக்கும், பெயிண்ட் வேலைக்கும் போய்விட்டார்கள். கையில் காசைப் பார்த்த பையனை திரும்ப பெஞ்சில் உட்கார வைப்பது லேசான காரியமா? 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை தெருவுக்கே அனுப்ப வேண்டி வந்தது.

அதற்கு முன்னால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படுத்து எழுந்தது பள்ளிக்கூட வகுப்பறைகளில்தான்.

நடுவில் மாற்றினால் நஷ்டம்

இப்போது பள்ளிக்கூடத்தின் வேலை 12-ம் வகுப்போடு முடிவதில்லை. 2020-ல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. நீட் தேறிய அரசு பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மறு வருஷம் என்ஜினீயரிங் போன்ற படிப்புகளுக்கும் இது வந்தது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசு பள்ளியில் படித்து கல்லூரி போன பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டம்.

இதில்தான் பல பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். இந்த சலுகைகளுக்கு பிள்ளை எந்தப் பள்ளியில், எத்தனை வருஷம் படித்தது என்பது ரொம்ப முக்கியம். பொதுவாக 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது கணக்கு. "இங்கிலீஷ் நல்லா வரட்டும்" என்று 7-ம் வகுப்பில் கடன் வாங்கி தனியார் பள்ளியில் சேர்ப்பார்கள். பீஸ் கட்ட முடியாமல் 9-ம் வகுப்பில் திரும்ப அரசு பள்ளிக்கு வருவார்கள். அந்த 2 வருஷம் பின்னால் ஒரு சீட்டுக்கே உலை வைத்துவிடும். மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் விருப்பம். ஆனால் தலைமை ஆசிரியரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

டீச்சர் பாடம் நடத்துவது எப்போ?

இவ்வளவு வேலையும் பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்தால் டீச்சர் என்ன செய்வார்? நியாயமான கேள்விதான். வருகைப்பதிவு, இலவசப் பொருள் கணக்கு, மாணவர் விவரம் எல்லாம் செல்போனில் ஏற்ற வேண்டும். அது போக வாக்காளர் பட்டியல் வேலை. 2025 நவம்பரில் நடந்த தீவிர திருத்தத்தில் வீடு வீடாக படிவம் கொடுத்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

மத்திய அரசின் கல்வி உரிமை சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மக்கள் தொகை கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை ஆகிய மூன்றைத் தவிர ஆசிரியரை பாடம் அல்லாத வேலைக்கு அனுப்பக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றுமே சின்ன வேலையா என்ன? அந்த நாட்களில் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளின் பாடு திண்டாட்டம்தான்.

உங்களுக்கும் நாற்காலி இருக்கு

"நாங்க கேட் வரைக்கும்தான், உள்ளே நமக்கு என்ன வேலை?" என்று நினைக்கிறவர்கள் அதிகம். சட்டம் அப்படி சொல்லவில்லை. ஒவ்வொரு அரசு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக்குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதி பேர் பெண்கள். பள்ளிக்கு வருகிற பணம் எப்படி செலவாகிறது, கழிப்பறைக்கு தண்ணீர் வருகிறதா, சத்துணவு அரிசி எப்படி இருக்கிறது, எந்தப் பிள்ளை நின்று போனது என்று கேட்கிற அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. பள்ளியின் வளர்ச்சி திட்டத்தை எழுத வேண்டியதும் இவர்கள்தான்.

தமிழ்நாட்டில் 2022-லும், 2024-லும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. நடைமுறையில் என்ன நடக்கிறது? கூட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால் வீட்டுக்கே நோட்டு வந்து கையெழுத்து வாங்கிப் போகிற கதையும் உண்டு. படிக்காமல் கையெழுத்து போட்டால் அந்த அதிகாரம் நோட்டோடு போய்விடும். கூட்டத்தை சாயங்காலம் அல்லது லீவு நாளில் வையுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

1 முதல் 8-ம் வகுப்பு வரை வயது சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக்கூடாது. டி.சி. தாமதமானால் அதைக் காரணம் காட்டி திருப்பி அனுப்பவும் கூடாது. பிள்ளையை அடிப்பதும், மனம் நோக பேசுவதும் சட்டப்படி தடை. பீஸ் பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஆயுதமாக்கக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டும் 2024 ஜூலையில் சொல்லி இருக்கிறது. தனியார் பள்ளியில் பாக்கி வைத்துவிட்டு, டி.சி.க்காக பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் நேராக பக்கத்து அரசு பள்ளிக்குப் போய் கேட்கலாம்.

பள்ளிக்கல்வி சந்தேகங்களுக்கு தமிழக அரசின் உதவி எண் 14417. பிள்ளைக்கு தொல்லை என்றாலோ, படிக்கிற வயதில் யாராவது வேலைக்கு வைத்திருந்தாலோ 1098-க்கு போன் செய்யலாம்.