சிறுநீரக மருத்துவ ஆய்வு: எண்ணிக்கையும் பயனும்

தோற்றுவாய்

சிறுநீரைக் கொண்டு உடலின் நிலையை அறிதல் மிகப் பழைய மருத்துவ முறையாகும். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் சிறுநீரின் நிறத்தையும் நாற்றத்தையும், அதன்மேல் இட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தையும் கொண்டு நோயை உணர வழி கூறுகின்றன. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு சீனா, 'அல்கானூன்' என்னும் தம் மருத்துவப் பெருநூலில் சிறுநீர்ச் சோதனைக்கு விரிவான இடம் அளித்தார். 1827-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட், உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைச் சூடாக்கினால் அதிலுள்ள புரதம் திரள்வதையும், அவர்கள் இறந்தபின் சிறுநீரகங்கள் சிதைந்திருக்கக் காணப்பட்டதையும் இணைத்துக் காட்டினார். இக்காலச் சிறுநீரகவியல் அந்த நூலிலிருந்து தொடங்குகிறது என்பர்.

உலகில் ஏறத்தாழ 85 கோடிப் பேர் ஏதேனும் ஒரு சிறுநீரக நோய்க்கு ஆளாகியுள்ளனர் எனப் பன்னாட்டுச் சிறுநீரகவியல் அமைப்புகள் 2018-இல் மதிப்பிட்டன. நம் ஊர்களிலும் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள் 'டயாலிசிஸ்' செய்துகொள்ளச் செல்வோர் இல்லாத தெரு அரிது. எனவே இத்துறையில் ஆய்வு எத்திசையில் செல்கிறது, அவ்வாய்வின் தாக்கம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்னும் வினாக்கள் மருத்துவர்க்கு மட்டும் உரியன அல்ல. அறிவு எங்கே பதிவாகிறது, எம்மொழியில் பதிவாகிறது, யாரைச் சென்றடைகிறது என்பன மொழித்துறையினராகிய நமக்கும் உரிய வினாக்களே. அவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஆய்வு நடந்து வந்த வழி

சிறுநீரக மருத்துவத்தின் முதல் பெருங்கனவு, பழுதுற்ற உறுப்பின் வேலையைக் கருவியைக் கொண்டு செய்விப்பதாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, செருமானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், காம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் அதனைச் செய்து காட்டினார். மரச் சட்டங்களாலான உருளையின்மேல் செலஃபேன் குழாயைச் சுற்றி, அதனுள் இரத்தத்தைச் செலுத்தி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். 1943-இல் தொடங்கிய இம்முயற்சியில் தொடக்க கால நோயாளருள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல் 67 அகவையுடைய மூதாட்டி ஒருவர் நினைவு திரும்பி உயிர் பிழைத்தார். செயற்கைச் சிறுநீரகம் பயன்படும் என்பது அன்று உறுதியாயிற்று.

இரண்டாவது கட்டம் நெடுங்காலச் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால், நாட்பட்ட நோயாளருக்குக் கோல்ஃபின் கருவி உதவவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவரும் அவர்தம் குழுவினரும் டெஃப்லான் குழாய்களைக் கையின் இரத்தக் குழாய்களில் நிலையாகப் பொருத்தினர். அவ்வாறு சிகிச்சை பெற்ற முதல் நோயாளர் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார்.

மூன்றாவது, உறுப்பு மாற்றம். 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே, ஒருகரு இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1971-இல் இவ்வறுவைச் சிகிச்சையை வெற்றியுறச் செய்தது.

நான்காவது கட்டம் நாம் வாழும் காலத்திற்கு உரியது. உறுப்பு பழுதான பின் மாற்று வழி தேடுவதைவிட, அது பழுதாகாமல் காப்பது எவ்வாறு என்பதே இக்கட்டத்தின் வினா. இதன் விடைகளைப் பின்னர்க் காண்போம்.

தாக்கக் காரணி என்பது யாது?

ஆய்வு பெருகப் பெருக ஆய்விதழ்களும் பெருகின. பன்னாட்டுச் சிறுநீரகவியல் சங்கம் 1960-இல் தோன்றியது; அதன் 'கிட்னி இன்டர்நேஷனல்' 1972-இல் வெளிவரத் தொடங்கியது. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் இதழ் 1990-இலும், நம் நாட்டின் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜி' 1991-இலும் தொடங்கின. இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு உலகம் ஓர் எண்ணைக் கைக்கொண்டது. அதுவே 'இம்பாக்ட் ஃபாக்டர்' எனப்படும் தாக்கக் காரணி.

இதன் கணக்கு எளியது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகளை வெளியிட்டதாகக் கொள்வோம். அக்கட்டுரைகளைப் பிற ஆய்வாளர் இவ்வாண்டில் 1000 முறை மேற்கோள் காட்டியிருப்பின், 1000-ஐ 200-ஆல் வகுக்க வரும் 5 என்பதே அவ்விதழின் தாக்கக் காரணி. மேற்கோள்களைத் திரட்டும் எண்ணத்தை 1955-இல் முன்வைத்தவர் யூஜீன் கார்ஃபீல்டு. எவ்விதழ்களைத் தம் மேற்கோள் அட்டவணையில் சேர்ப்பது என்று தெரிவு செய்யவே அவர் தம் துணைவருடன் இக்கணக்கை வகுத்தார். நாளடைவில், இதழை மதிப்பிட எழுந்த எண் ஆய்வாளரையே மதிப்பிடும் எண்ணாக மாறிவிட்டது. பதவி உயர்வும் ஆய்வு நிதியும் அதைச் சார்ந்து நிற்கலாயின.

இக்கணக்கின் குறைகள் மூன்று. ஒன்று, இரண்டே ஆண்டு எல்லை. மெல்ல வேர்விடும் கருத்து இதில் அகப்படாது. மற்றொன்று, ஒருசில கட்டுரைகள் பெறும் மிகுதியான மேற்கோள்கள், எவரும் நோக்காத பிற கட்டுரைகளுக்கும் பெருமை சேர்த்துவிடும். பிறிதொன்று, நெறிமுறை அறிக்கைகளும் தொகுப்புரைகளும் புதிய ஆய்வுகளைவிட மிகுதியாக மேற்கோள் காட்டப்படும். இக்குறைகளை உணர்ந்த அறிவியலார் 2012-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடி, தனி ஆய்வாளரின் தகுதியை இதழின் எண்ணால் அளக்கலாகாது என்னும் அறிக்கையை உருவாக்கினர்.

சிறுநீரகவியலின் வரலாறே இதற்குச் சான்று பகரும். கோல்ஃப் தம் கருவியைப் பற்றிய செய்தியைப் போர்க்காலத்தில் ஸ்காண்டிநேவிய இதழொன்றிலும், டச்சு மொழியிலும் வெளியிட்டார். ஸ்க்ரிப்னர் குழுவின் 1960-ஆம் ஆண்டுக் கட்டுரை, செயற்கை உறுப்புச் சங்கம் ஒன்றின் ஆண்டு மலரில் இடம்பெற்றது. 1976-இல் காக்ராஃப்ட், கால்ட் என்னும் இருவர், அகவை, எடை, இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிடும் வாய்பாட்டை 249 நோயாளரின் தரவிலிருந்து வகுத்து, 'நெஃப்ரான்' என்னும் துறையிதழில் வெளியிட்டனர். மருந்தின் அளவை முடிவு செய்ய மருத்துவர் பல்லாண்டுகள் அவ்வாய்பாட்டையே நாடினர். இவற்றுள் எதனையும் வெளியான இதழின் எண்ணைக் கொண்டு மதிப்பிட்டிருந்தால் நாம் பிழைபட்டிருப்போம்.

பேரிதழ்கள் ஆற்றிய பணி

இவ்வாறு கூறுவதால் பேரிதழ்களுக்குப் பயனே இல்லை என்று கொள்ளலாகாது. கடுமையான மதிப்பாய்வும் பெருந்தொகையினரிடம் நிகழ்த்திய ஒப்பீட்டுச் சோதனையும் மருத்துவத்தின் இரு காவலர்கள். டயாலிசிஸ் நோயாளருக்கும் பிற சிறுநீரக நோயாளருக்கும் இரத்தச்சோகை வருவதுண்டு; ஊசி மருந்தால் ஹீமோகுளோபினை இயல்பான அளவுக்கு உயர்த்துவது நன்மையே தரும் என மருத்துவர் பலர் நம்பினர். 2006-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான சோதனை, அளவை மிக உயர்த்தினால் இதயம் சார்ந்த தீங்குகள் மிகும் என்று காட்டியது. அந்நம்பிக்கை தளர்ந்தது; நெறிமுறைகளும் மாறின. நல்லெண்ணம் மட்டும் சான்றாகாது என்பதற்கு இஃது ஒரு பாடம்.

ஆயினும் இத்தகைய சோதனைகள் இத்துறையில் மிகக் குறைவாகவே நிகழ்ந்தன. 1966 முதல் 2002 வரை வெளியான ஒப்பீட்டுச் சோதனைகளை எண்ணிய ஓர் ஆய்வு, உள்மருத்துவத்தின் பிற பிரிவுகள் அனைத்தையும்விடச் சிறுநீரகவியலிலேயே அவை குறைவு என 2004-இல் அறிவித்தது. 1993-இல் கேப்டோபிரில் மாத்திரை நீரிழிவு நோயாளரின் சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்தும் என்று நிறுவப்பட்டது. 2001-இல் அவ்வழியில் வேறிரு மருந்துகள் வந்தன. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெருவெற்றி இல்லை.

அந்நிலை அண்மையில் மாறியது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான்கள் என்னும் மாத்திரைகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன என்பதை 2019-இல் 4401 பேரிடமும், 2020-இல் 4304 பேரிடமும் நிகழ்ந்த சோதனைகள் நிறுவின. முன்னது நீரிழிவு உடையோரிடம் நிகழ்ந்தது. பின்னது நீரிழிவு இல்லாதோரையும் உள்ளடக்கியது. நன்மை தெளிவாகப் புலப்பட்டமையால் இரண்டும் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்தப்பட்டன. இம்மருந்துகளுள் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025-இலும் இந்தியாவில் முடிவுற்றன. பல நிறுவனங்கள் அவற்றைக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கின. ஏழை நோயாளியைப் பொறுத்தவரை, மேற்கோள்களின் எண்ணிக்கை உயர்ந்த நாளைவிட மாத்திரையின் விலை குறைந்த நாளே ஆய்வின் தாக்கம் தெரிந்த நாளாகும்.

அளவுகோலுக்கு எட்டாத வினாக்கள்

பேரிதழ்களின் ஒளி படாத வினாக்களும் உள. நடு அமெரிக்காவின் எல் சால்வடார் நாட்டு மருத்துவமனை ஒன்றில், நீரிழிவோ இரத்தக் கொதிப்போ இல்லாத உழவர் பலர் சிறுநீரகம் முற்றும் பழுதாகி வருவதை மருத்துவர் கண்டனர். அதனை அவர்கள் 2002-இல் ஸ்பானிய மொழியில், அமெரிக்க நாடுகளின் பொதுநல இதழ் ஒன்றில் எழுதினர். இலங்கையின் வட மத்திய மாகாண நெல் விவசாயிகளிடமும், ஆந்திர மாநிலத்தின் உத்தானம் பகுதியிலும் இத்தகைய நோய் காணப்பட்டது. கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல், குடிநீரின் தன்மை, பூச்சிக்கொல்லி எனப் பல காரணங்கள் கருதப்படுகின்றன; முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை. ஏழை உழவரின் நோய், ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதப்படும்போது உலகின் செவிக்கு எட்டக் காலதாமதம் ஆவது இயல்பாகிவிட்டது.

நம் மாநிலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்கள், சென்னை சிறுநீரக உதவி அறக்கட்டளையின் வாயிலாகச் சென்னையை அடுத்த சிற்றூர்களில் ஒரு திட்டத்தை நடத்தினார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடுதோறும் சென்று சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உளவா எனச் சோதித்தனர். இரத்த அழுத்தத்தை அளந்தனர். நோய் கண்டவர்க்கு மிக மலிவான பழைய மருந்துகளே வழங்கப்பட்டன. பெரும்பாலோரிடம் இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் வந்தது. இதன் முடிவுகள் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழின் துணைமலர்களில் 2003-இலும் 2005-இலும் வெளிவந்தன. புதிய மருந்து எதனையும் கண்டறியாத ஆய்வு அது. எனினும் தெரிந்த மருந்தைத் தெருவரை கொண்டு சேர்க்கும் வழியை அது கண்டறிந்தது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் நோயாளியை நாடி வீட்டுக்குச் செல்லும் நோக்குடையதே.

நம் சமுதாயத்தார் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் ரமளான் நோன்பு நோற்கலாமா? மேலைநாட்டு இதழ்கள் இவ்வினாவை முதன்மையாகக் கருதும் என எதிர்பார்க்க இயலாது. சவூதி அரேபியாவிலிருந்து வெளிவரும் சிறுநீரக நோய், உறுப்பு மாற்ற இதழில் இதுபற்றிய கட்டுரைகள் இடம்பெற்றுள்ளன. பொருத்திய உறுப்பு நிலையாகச் செயற்படுவோரிடம் பெருந்தீங்கு காணவில்லை எனச் சிறு ஆய்வுகள் சில கூறுகின்றன. ஆயினும் ஒவ்வொருவரும் தம் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருப்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஓருண்மை புலனாகும். மேற்கோள் எண்ணிக்கை, ஆய்வாளர் ஆய்வாளரிடம் பேசியதை அளக்கும். ஆய்வு மக்களிடம் சென்று சேர்ந்ததை அளக்காது. முன்னது வேண்டும், அதுவே போதும் என்பது பிழை. எண்ணுக்காகவே எழுதும் வழக்கம், கட்டணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களை வளர்த்துவிட்டது. இத்தீமை மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. தமிழாய்வு செய்யும் நம் மாணவரையும் அது அணுகியுள்ளது. எங்கே வெளியிடலாம் என்று வினவுமுன், யாருக்குப் பயன்படும் என்று வினவும் பழக்கத்தை அவர்கள் மேற்கொள்ள வேண்டும்.

தமிழ்த்துறை செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சிறுநீரில் புரதம் தென்படுவதே தொடக்கக் காலத்தின் எச்சரிக்கை. பெரும்பாலும் வலியோ வீக்கமோ அப்போது இராது. ஆண்டுக்கொரு முறை சிறுநீர்ச் சோதனை, இரத்த அழுத்தம், கிரியாட்டினின் ஆகிய மூன்றைப் பார்த்துக்கொண்டால், நீரிழிவும் கொதிப்பும் உடையோர் பலர் டயாலிசிஸ் நிலையை அடையாமலேயே காலத்தை நீட்டிக்கலாம். இச்செய்தியைப் பாட்டிமாரும் உணரும் நடையில் எழுதித் தருவது மொழி கற்றோரின் கடமை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு ஸக்காத், ஸதகா நிதியிலிருந்து உதவும் சமுதாயப் பெரியோர், அதனோடு ஜமாஅத்தோறும் இச்சோதனைகளுக்கும் வழிசெய்வார்களாயின், உதவி தேடி வருவோரின் தொகையே குறையும்.

மனிதன் மறைந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்ப்பவற்றுள் பயனளிக்கும் கல்வியும் ஒன்று என்பது நாம் அறிந்த நபிமொழிக் கருத்து. கல்வி என்பதோடு நில்லாது, பயனளிக்கும் என்னும் அடையும் அங்கே சேர்ந்து நிற்கிறது. ஆய்வுக்கும் அவ்வடை பொருந்துமாறு செய்வது கற்றோர் அனைவரின் பொறுப்பாகும்.