பதில் வரும்வரை விலாசம் மாறக்கூடாது

2012 ஆம் ஆண்டு இந்தியாவில் 'எலீட் ஃபுட்போல் லீக்' என்ற பெயரில் அமெரிக்க உதைபந்தாட்டத் தொடரொன்று ஆரம்பிக்கப்பட்டது. முதற்பருவ ஆட்டங்கள் கொழும்பிலும் நடந்தன. 'கொழும்பு லயன்ஸ்' என்று ஓர் அணியும் இருந்தது. வன்னியில் அதை யாரும் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. அங்கிருந்து கடைசியாக ஏற்றப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்குப் போகவில்லை. இராணுவம் அங்கே இருந்ததால் சீனியாமோட்டைப் பக்கம் இறக்கிவிடப்பட்டார்கள். வற்றாப்பளைக்கு அடுத்த ஊர் கேப்பாப்புலவு.

அந்தத் தொடரில் பணம் போட்டவர்களில் ஒருவர் பிரண்டன் சில்லர். தந்தை வழியில் இந்தியர். அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கில் முதலில் சென் லூயிஸ் ராம்ஸ் அணிக்கும், 2008 முதல் கிறீன்பே பக்கர்ஸ் அணிக்கும் ஆடியவர். 2010 பருவத்தில் காயப்பட்டு இடைநடுவில் விலகினார். அவரது அணி 2011 பெப்ரவரியில் சுப்பர் போல் கிண்ணத்தை வென்றது. அவர் ஆடிய இடத்தின் பெயர் லைன்பேக்கர்.

இந்த விளையாட்டைக் காலால் ஆடுவதைவிடக் கையால்தான் அதிகம் ஆடுகிறார்கள். பந்தைச் சுமந்துகொண்டு எதிரணி எல்லைக்குள் ஓடவேண்டும், தடுப்பவர்கள் பிடித்து விழுத்தவேண்டும். கபடி தெரிந்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். தடுப்பு வரிசையில் முன்னால் நிற்பவர்கள் மலைபோன்ற உடம்புக்காரர். அவர்களுக்குப் பின்னால் நின்று, ஓட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு கணத்தில் கணித்துப் பாய்பவரே லைன்பேக்கர். புள்ளி எடுப்பது அவருடைய வேலையல்ல. பலகாலமாக அவர் பிடித்து விழுத்திய எண்ணிக்கைகூட லீக்கின் உத்தியோகபூர்வக் கணக்கில் இல்லை; அணிகள் தாங்களாகவே குறித்து வைத்தவைதான். பந்தை எறியப் போகிறவரை அமுக்கிப் பிடிக்கும் 'சக்' என்பதுகூட 1982 இல்தான் கணக்கில் ஏறியது. அதற்கு முன் ஆடியவர்களின் உழைப்பு பதிவேட்டில் இல்லை.

அதனால்தான் மதிக்கப்படாத லைன்பேக்கர்கள் என்று தேடித்தேடிச் சேகரிக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. சாம் மில்ஸ் என்றொருவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். லீக்கின் வருடாந்தத் தெரிவில் எவரும் அவரை எடுக்கவில்லை. இடையில் பாடசாலை ஆசிரியராகவும் வேலை செய்தார். பிறகு நியூ ஓர்லியன்ஸ், கரோலினா அணிகளின் தூணானார். 2005 இல் புற்றுநோயால் இறந்தார்; புகழரங்கில் இடம் கிடைத்தது 2022 இல். லண்டன் ஃபிளெச்சர் என்றொருவரும் 1998 இல் தெரிவு செய்யப்படாமலேயே நுழைந்தவர். 16 பருவங்களில் 256 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான ஆட்டத்துக்கு முதன்முதலில் அவர் பெயர் வந்தபோது பத்துப் பருவங்களுக்கு மேல் கடந்திருந்தன.

சேகரிப்பவர்கள் செய்வது மிக எளிமையான காரியம். வீரரின் படம் அச்சிட்ட அட்டை ஒன்றை வாங்குகிறார்கள். நீளம் மூன்றரை அங்குலம், அகலம் இரண்டரை. நட்சத்திரம் அல்லாதவர்களின் அட்டைகள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதனுடன் கையால் எழுதிய ஒரு கடிதம், முத்திரை ஒட்டி விலாசம் எழுதிய ஒரு திரும்பும் உறை. மூன்றையும் அணியின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பெரிய நட்சத்திரங்களுக்குக் கடிதங்கள் சாக்குக் கணக்கில் போகும். திரும்பி வந்தாலும் அது உதவியாளர் இட்டதாகவோ இறப்பர் முத்திரையாகவோ இருக்கலாம். யாரும் எழுதாத ஒருவருக்கு எழுதினால் அவரே உட்கார்ந்து வாசிப்பதற்கு வாய்ப்பு அதிகம். சிலவேளை இரண்டு வரி பதிலும் எழுதுவார்.

பதில் இரண்டு கிழமையிலும் வரலாம், இரண்டு வருடத்திலும் வரலாம், வராமலும் போகலாம். அதுவரை அனுப்பியவர் அதே விலாசத்தில் இருக்கவேண்டும் என்பதே இந்தப் பொழுதுபோக்கின் எழுதப்படாத நிபந்தனை. அமெரிக்கக்காரருக்கு அது நிபந்தனையாகவே தோன்றாது. நமக்கு? கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு முகாமின் வலயமும் கூடார இலக்கமும் என்று சில மாதங்களுக்குள் மாறிய விலாசங்களுக்கு எந்தத் தபால் வந்து சேரும்? குடும்பத்தைத் தேடியவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த செய்தித்தாள்கள்தான் கடிதமாக இருந்தன. பள்ளிக்கூடம் விட்டுப் பிரிகிறபோது எழுதி வாங்கிய ஓட்டோகிராப் கொப்பிகளும் முத்திரை அல்பங்களும் பங்கருக்குள்ளும் வழியிலும் கிடந்து போயின. இரண்டு போத்தல் தண்ணீரா, அல்பமா என்று கேட்டால் எவரும் அல்பத்தைத் தூக்கமாட்டார்கள்.

ஆகவே இன்று வற்றாப்பளையில் ஒரு பிள்ளை தன் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும் என்று ஒரு வருடம் காத்திருக்க முடிவதைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை. மாதிரிக் கிராமத்து விலாசத்தை எழுதுவதா, காணி விடுபட்டதும் போகப்போகிற ஊரின் விலாசத்தை எழுதுவதா என்று யோசிக்கவேண்டிய குடும்பங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன. பிலக்குடியிருப்பு மக்கள் தம் காணிக்குள் கால்வைத்தது 2017 மார்ச்சில், ஒரு மாதம் வீதியோரம் இருந்த பிறகு.

அனுப்ப விரும்புவோர் முதலில் கவனிக்கவேண்டியது திரும்பும் உறையை. அதில் இலங்கை முத்திரை ஒட்டிப் பயனில்லை. அமெரிக்காவில் தபாலில் போடும் கடிதத்துக்கு அமெரிக்க முத்திரைதான் செல்லும். 1907 முதல் பாவனையிலுள்ள சர்வதேசப் பதில் கூப்பன் என்ற முறை ஒன்று உண்டு. அதை அங்குள்ள தபாலகத்தில் கொடுத்து முத்திரையாக மாற்றலாம். ஆனால் ஒரு விளையாட்டு வீரர் உங்களுக்காகத் தபாலக வரிசையில் நிற்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். 2013 இல் அமெரிக்க அஞ்சல் சேவை வெளியிட்ட 'குளோபல் ஃபொரெவர்' என்ற வட்ட முத்திரை இதற்குப் பொருத்தமானது. ஒரு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் வரையான கடிதத்துக்கு எந்த நாட்டுக்கும் ஒன்று போதும். விலை ஏறினாலும் பழைய முத்திரை செல்லும்.

உறைக்குள் தடித்த பிளாஸ்டிக் வைக்கவேண்டாம். உறை வளையாவிட்டால் இயந்திரத்தில் போகாது, கட்டணமும் கூடும். மெல்லிய மட்டை ஒன்று போதும். பளபளப்பான அட்டையில் மை வழுக்கி முத்துமுத்தாக நிற்கும். பஞ்சில் கொஞ்சம் பேபி பவுடர் தொட்டு மெதுவாகத் துடைத்துவிட்டு அனுப்பினால் மை பிடிக்கும். விலாசத்தின் கடைசி வரியில் நாட்டின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். கிராமத்தின் பெயரோடு தபாலகத்தின் பெயரும் அஞ்சல் குறியீடும் அவசியம். 'அம்மன் கோயிலடி' என்றால் இங்குள்ள தபால்காரருக்குப் புரியும், கொழும்பில் கடிதம் பிரிக்கிறவருக்குப் புரியாது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டியதில்லை. நீங்கள் யார், எங்கிருந்து எழுதுகிறீர்கள், அவருடைய எந்த ஆட்டம் பிடித்தது என்பவை போதும். யுத்தக் கதை முழுவதையும் எழுதி இரக்கம் தேடுவது எனக்கு உவப்பில்லை. சொல்ல விரும்பினால் ஒரு வரியில் சொல்லலாம். அட்டையில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பெயர் எழுதிய அட்டைக்குச் சந்தையில் விலை குறைவு. ஆதலால் விற்கக் கேட்கவில்லை என்பது அவருக்கும் விளங்கும். வீட்டு விலாசத்தைத் தேடிப்பிடித்து எழுதுவது முறையல்ல. அணி அலுவலகத்துக்கு, பயிற்சி முகாம் தொடங்கும் யூலை இறுதியை ஒட்டிப் போய்ச்சேருமாறு அனுப்பலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு அவர்கள் நடத்தும் அறக்கட்டளை அல்லது பயிற்சியளிக்கும் கல்லூரி ஊடாக எழுதலாம்.

அட்டையும் முத்திரையும் இங்கே கடையில் கிடைக்காது. வைகாசிப் பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருகிற மாமா, சித்தப்பா எவரிடமாவது சொக்லேட்டுக்குப் பதிலாக நாலு வட்ட முத்திரையும் சில்லர், ஃபிளெச்சர் அட்டை ஒவ்வொன்றும் கொண்டுவரச் சொல்லலாம். பாரம் எல்லாமாகச் சில கிராம்தான்.