நாற்சந்தியில் நம் கடமையும் உரிமையும்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் கல்கத்தாவில் குடியேறும் நம்மவருக்கு இவ்வூர் அரசாங்கத்தோடு முதல் அறிமுகம் ஏற்படுவது பெரும்பாலும் ஒரு நாற்சந்தியில்தான். வெள்ளைச் சீருடை அணிந்த ஒருவர் கையை நீட்டுகிறார், வண்டி நிற்கிறது. அவர் வங்காளியில் ஏதோ கேட்கிறார்; பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. உடனே நம்மவர் கை சட்டைப் பைக்குள் போகிறது. செய்த குற்றம் யாது, அதற்குரிய அபராதம் எவ்வளவு, கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா என்பவற்றுள் ஒன்றையும் கேளாமலே காரியம் முடிந்துவிடுகிறது. ஊர் புதிது, பாஷை புதிது, வேலைக்கும் நேரமாகிறது. வீட்டில் வாய் ஓயாதவர்கள் கூட அங்கே ஊமையாகிவிடுகிறார்கள்.

விதிகளை மதித்து நடத்தல் நம் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்விதிகளே நமக்குச் சில பாதுகாப்புகளையும் அளித்திருக்கின்றன. அவற்றை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. ஆதலின் இம்மாதம் அதனைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

முதற்கண், சந்தியில் நிற்பவர் எல்லோரும் ஒரே அதிகாரம் படைத்தவர் அல்லர். சார்ஜண்ட் என்பது கல்கத்தாப் போலீஸில் இன்றும் வழங்கும் பழைய பதவிப் பெயர். வழக்குப் பதிவதும் அபராதச் சீட்டு அளிப்பதும் பெரும்பாலும் அவர் பணி. அவருக்குத் துணையாக நிற்கும் 'சிவிக் வாலண்டியர்' என்போர் போலீஸார் அல்லர். நெரிசலை ஒழுங்கு செய்யவும், பூஜைக் காலத்துக் கூட்டத்தைச் சமாளிக்கவும் அமர்த்தப்பட்ட உதவியாளர்கள். இவர்களுடைய பணியின் எல்லையை வரையறுக்குமாறு 2023 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் ஒழுங்கு சார்ந்த பொறுப்பு எதனையும் இவர்களிடம் ஒப்படைத்தல் ஆகாது என்று அதன் பின்னர் வழிமுறையும் வெளியாயிற்று. ஆகவே, வண்டிச் சாவியைப் பிடுங்கவோ, பணம் வசூலிக்கவோ இவர்களுக்கு அதிகாரமில்லை. ஆனால் கை காட்டி நிறுத்தினால் நிற்க வேண்டியதுதான். பத்து மணி வெயிலில் அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்ப்பவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது ஆவணங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டியே தீர வேண்டும். அதனைக் காகிதமாகவோ அட்டையாகவோ தான் காட்ட வேண்டும் என்பதில்லை. 2018 நவம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் வழியாகக் கைபேசியில் காட்டினாலும் செல்லும். சேலத்தில் எடுத்த லைசென்ஸ் இங்கே செல்லாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அது இந்தியா முழுவதும் செல்லுபடியாவது.

வண்டியின் கதை வேறு. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைப் பிற மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்துகொள்ளல் வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் ஆண்டுக்கணக்காகத் 'த.நா.' பதிவெண்ணுடன் உலவும் வண்டிகள் உண்டு. வரியை இரண்டாம் முறை கட்ட வேண்டுமே என்ற தயக்கமே காரணம். பழைய ஊரில் கட்டிய ஆயுட்கால வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பகுதியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியார். புறப்படும்போதே தடையின்மைச் சான்று வாங்கி வந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

இனி, அபராதம். 2019 செப்டம்பரில் மத்திய அரசு அபராதத் தொகைகளைப் பன்மடங்கு உயர்த்தியபோது, ஏழைகளுக்கு அது தாங்காது என்று மேற்கு வங்க அரசு ஏற்க மறுத்தது. பின்னர் 2022 ஜனவரியில் இங்கும் தொகைகள் உயர்ந்தன. இத்தொகையைச் சந்தியிலேயே கட்டுவது சமரசத் தீர்வு முறையைச் சேர்ந்தது. அதாவது, குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் போகாமல் பணம் செலுத்தி முடித்துக்கொள்வது. சட்டத்தின் 200-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறதேயொழியக் கட்டாயப்படுத்தவில்லை. குற்றம் செய்யவில்லை என்று நினைப்பவர் நீதிமன்றத்தில் வாதாடலாம். கட்டுபவரோ ரசீது பெறாமல் நகரலாகாது. வங்காளி தெரியாதவர்கள் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். 'ரோஷித்டா தின்' என்றால் 'ரசீதைக் கொடுங்கள்'. 'ஆமி கோர்ட்டே ஜாபோ' என்றால் 'நான் கோர்ட்டுக்குப் போகிறேன்'. இவற்றை மரியாதையாகவும் புன்சிரிப்போடும் சொல்லல் வேண்டும். குரலை உயர்த்தினால் வேறொரு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

யாவற்றினும் முக்கியமானது லைசென்ஸ் பறிமுதல். அலுவலகம் செல்வோருக்கு அது ஓர் அட்டை. டாக்ஸி ஓட்டுபவருக்கும், வீடு வீடாகப் பொருள் கொண்டு சேர்க்கும் இளைஞருக்குமோ அதுதான் சோறு. மூன்று மாதம் அது இல்லாவிடில் அடுப்பில் பூனை உறங்கும். இந்நகரத்தில் நடந்த ஒரு வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. வேக வரம்பை மீறினார் என்று ஒரு வாகன ஓட்டியின் லைசென்ஸைப் போலீஸார் கைப்பற்றினர். உதவிக் கமிஷனர் ஒருவர் அதனைத் தொண்ணூறு நாள் செயலற்றதாக்கி உத்தரவிட்டார். ஓட்டி உயர் நீதிமன்றம் ஏறினார். லைசென்ஸைக் கைப்பற்றி உரியவர்க்கு அனுப்பி வைக்கும் அதிகாரமே போலீஸுக்கு உண்டு. அதனை நிறுத்தி வைக்கும் அதிகாரம் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்கே உரியது என்று 2022-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த உத்தரவை நீக்கியது. 2025 ஜூலையில் ஒரு வழக்கறிஞர் தொடுத்த வழக்கிலும், நிறுத்தி வைக்கவோ ரத்துச் செய்யவோ போலீஸுக்கு அதிகாரமில்லை என்பதே மீண்டும் உறுதியாயிற்று.

வேகமாகச் சென்றது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். குற்றம் செய்தவரையும், முறைப்படி, அதற்குரிய அதிகாரியே, அவர் சொல்வதைக் கேட்ட பின்னரே தண்டித்தல் வேண்டும் என்பதுதான் சாரம். சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தகுதி நீக்கம் செய்யுமுன் சம்பந்தப்பட்டவர் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்கிறது. எனவே லைசென்ஸைக் கைப்பற்றினால் தாற்காலிக ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுக. 206-ஆம் பிரிவு அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால் வேக வரம்பை மீறுதல் போன்ற குற்றங்களுக்காகக் கைப்பற்றப்பட்டிருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும் வரை அச்சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாகாது. இதனை அறியாமல், சீட்டும் வாங்காமல் நாள்களைக் கழிப்பவர் எத்தனை பேரோ!

இவ்வூருக்கே உரிய சில விந்தைகளும் உண்டு. ஒருவழிப் பாதைகள் சில, காலையில் ஒரு திசையிலும் பிற்பகலில் எதிர்த் திசையிலும் ஓடும். காலையில் போன வழியே மாலையில் திரும்பினால் எதிரே சார்ஜண்ட் நிற்பார். பலகையைப் படித்துவிட்டுத் திரும்புவதே உத்தமம். சிவப்பு விளக்கில் நிற்கையில் ரவீந்திர சங்கீதம் கேட்கும் பாக்கியமும் 2011 முதல் இந்நகரத்தாருக்கு வாய்த்திருக்கிறது. அவசரக்காரருக்கு அது ரசிக்காதுதான்!

சைக்கிள்காரர் நிலைதான் பரிதாபம். 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர்த் தளர்வுகள் வந்தும், பெரிய சாலைகளில் இன்னல் தீர்ந்தபாடில்லை. பால்காரரும் பத்திரிகை போடுபவரும் கார் வாங்கியா பிழைக்க முடியும்? புகை கக்காத வண்டியை ஒதுக்கிவிட்டுப் புகை கக்கும் வண்டிக்கு வழி விடுவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆயினும் தடை உள்ள சாலையில் ஓட்டினால் சைக்கிள் பறிபோகும் என்பதால், நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழியைப் பெற்றோர் முன்கூட்டியே விசாரித்து வைத்தல் நலம்.

பிள்ளைகள் என்றதும் நம்மவர் குறையையும் சொல்லியாக வேண்டும். பதினைந்து வயதுப் பையன் ஸ்கூட்டரில் தங்கையை ஏற்றிக்கொண்டு பாட்டு வகுப்புக்குப் போவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையே இல்லையா? 199ஏ பிரிவின்படி அதற்குப் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்கப்படலாம்; வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும்; பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தலைக்கவசமும் அவ்வாறே, பின்னால் அமரும் மனைவிக்கும், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் அது வேண்டும். கொண்டையும் பூவும் கலைந்துவிடும் என்ற சமாதானம் சட்டத்தில் எழுதப்படவில்லை.

சிறு குற்றத்துக்காக யாரையும் கைது செய்வது அரிது. ஆனால் வாய்ச்சண்டை முற்றிக் காவல் நிலையம் வரை போவதுண்டு. அந்நிலையில் நமக்குத் துணை நிற்பது இதே கல்கத்தாவில் பிறந்த ஒரு வழக்கு. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராயிருந்த டி.கே. பாசு, காவலில் நிகழ்ந்த மரணங்களைப் பற்றி 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18-இல் தீர்ப்பாயிற்று. கைது செய்யும் அதிகாரி தம் பெயர்ப் பட்டையை அணிந்திருக்க வேண்டும். நாளும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பில் ஒரு சாட்சியும் கைதானவரும் கையொப்பமிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டமே தரும் காப்பு. உற்றார் ஆயிரம் மைல் தொலைவில் இருக்கும் நமக்கு, அந்த 'நண்பர்' யார் என்பதை முன்னமே தீர்மானித்து அவர் எண்ணை மனப்பாடம் செய்து வைத்தல் அவசியம். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டால் எண் நினைவுக்கு வராது.

இன்னொன்று. இப்பொழுது காமிராவே பல குற்றங்களைப் பிடிக்கிறது. அத்தகைய குற்றத்துக்குப் பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021-இல் விதி செய்யப்பட்டது. ஆனால் வண்டிப் பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் செய்தி போகும். அந்த எண் கும்பகோணத்து மாமனாருடையதாயிருந்தால், அவருக்கு அது புரியாது, உங்களுக்கு அது தெரியாது, அபராதம் மட்டும் நின்றுகொண்டிருக்கும். வண்டியை விற்கப் போகும் அன்றுதான் குட்டு வெளிப்படும். மறுபுறம், அபராதம் கட்டச் சொல்லி இணைப்போடு வரும் போலிச் செய்திகளும் மலிந்துவிட்டன. அவற்றைத் தொடாமல், அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைத் தாமே இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முகவரியும் கைபேசி எண்ணும் மாற்ற வேண்டியவர்கள் அதே தளத்தில் விண்ணப்பிக்கலாம். நேரில் போக வேண்டியிருப்பின், நகரத்தாருக்குரிய அலுவலகம் பெல்தலாவில் உள்ளது.