அம்மீட்டரைக் கழற்றப் போன கை

'சி.டி. செகண்டரியை ஓபன் செய்யக் கூடாது' என்பது நமக்கெல்லாம் இரண்டு மார்க் கேள்வி. நானும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன்தான். அதன் அர்த்தம் புரிந்தது அழகர்கோவில் - மேலூர் ரோட்டில் ஒரு ரைஸ் மில்லில்.

லீவில் ஒரு வயர்மேன் அண்ணனுக்குக் கையாளாகப் போயிருந்தேன். புதுப் பேனல், 50 எச்.பி. மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், 100/5 சி.டி. மூன்று. ட்ரயல் பார்த்தபோது ஒரு அம்மீட்டரில் முள் அசையவே இல்லை. பேனலுக்குள் 'ங்ங்' என்று ஒரு இரைச்சல் வேறு. "மீட்டர் செத்துப் போச்சுண்ணே, மாத்திருவோம்" என்று ஸ்க்ரூடிரைவரோடு கையை விட்டேன்.

"டேய் தம்பி, கைய எடு! மோட்டார் ஓடுதுல்ல!"

மெயினை ஆஃப் செய்து பார்த்தோம். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. லக் சரியாக அழுந்தாமல் வயர் கழன்று நின்றது. அதை க்ரிம்ப் செய்தவன் யார்? நான்தான்!

சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் செகண்டரியைத் திறந்து விட்டால் ஒன்றுமில்லை. சி.டி.யில் கதையே வேறு. பிரைமரி கரண்டை முடிவு செய்வது மோட்டார். மீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாய்ந்தே தீரும். செகண்டரி கரண்ட் எதிர் ஃப்ளக்ஸ் உண்டாக்கி கோரை அடக்கி வைத்திருக்கிறது. செகண்டரி அறுந்தால் பிரைமரி கரண்ட் முழுதும் கோரை மேக்னடைஸ் செய்யக் கிளம்பிவிடும். கோர் இரையும், சூடாகும், டெர்மினலில் வோல்டேஜ் எகிறும். பெரிய சி.டி.க்களில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். நான் கேட்ட அந்த இரைச்சலுக்கும் இதுதான் காரணம். ஆகவே சி.டி. சர்க்யூட்டில் ஃப்யூஸ் போடவே கூடாது. லைனில் மீட்டரை மாற்ற வேண்டுமானால் முதலில் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட வேண்டும். செகண்டரியில் ஒரு முனையை, ஒரே இடத்தில், எர்த் செய்ய வேண்டும். பி.டி.க்கு நேர் எதிர்: அங்கே ஷார்ட்தான் ஆபத்து, ஃப்யூஸ் அவசியம்.

அன்று இன்னொரு பாடமும் கிடைத்தது. 230 வோல்ட் கன்ட்ரோல் வயரிங்கில் ஸ்டாப் பட்டனை நியூட்ரல் பக்கம் போட்டிருந்தேன். மோட்டார் நிற்கத்தான் செய்தது, அப்புறம் என்ன தப்பு என்று கேட்டேன். அண்ணன் விளக்கினார்: காயிலுக்கும் பட்டனுக்கும் நடுவில் வயர் உரசி எர்த் ஆனால் காயில் எர்த் வழியாக சர்க்யூட்டை முடித்துக்கொள்ளும். அப்புறம் ஸ்டாப்பை எத்தனை தடவை அமுக்கினாலும் காண்டாக்டர் விடாது. பெல்ட்டில் ஒருவன் வேட்டி சிக்கியிருந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டன், ஓவர்லோட் காண்டாக்ட் எல்லாம் ஃபேஸ் பக்கம். காயிலின் மறுமுனை நேராக நியூட்ரலுக்கு. அப்படி இருந்தால் எர்த் ஆன வயர் ஃப்யூஸை அடிக்கும், மோட்டார் நிற்கும்.

மெயின் ஆஃப் என்று நம்பியும் கை வைக்கக் கூடாது. கன்ட்ரோல் சப்ளை வேறு இடத்திலிருந்து வந்தால் பேனலில் கரண்ட் உயிரோடு இருக்கும். ஆகவே டெஸ்ட் லேம்ப்பை முதலில் லைவில் எரித்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார், மறுபடி லைவில் பார். லேம்ப்பே ஃப்யூஸ் போயிருந்தால்?

லக்கைப் புதிதாக அடித்து மோட்டாரை ஓட்டினோம். முள் 55-ல் நின்றது. திரும்பும் வழியில் கோயிலில் அண்ணன் பிரசாத தோசை வாங்கிக் கொடுத்தார். "அந்த லக்கை இழுத்துப் பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்திருந்தேன், மூன்று தடவை.